மாப்பிள்ளைக் கரடி

பிப்ரவரி 9

அண்ணாவுக்கு,

என் கல்யாணத்தன்று, "அவனை விட்டுடு அண்ணா" என்று நான் சொல்லப்போய் நீ சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினாயே, அதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்ப்பது உனக்குத் தெரிந்திருக்கும்; நம் சர்க்கஸ் கோமாளி சொல்லாமல் இருந்திருக்க மாட்டான். போன வெள்ளிக்கிழமை மெஷினிலிருந்து போர்வைகளை இழுத்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் வந்து, "உன்னைப் பாக்க ரெண்டு பேர் வந்திருக்காங்க. அரசாங்க ஆளுங்க மாதிரி தெரியுது" என்றார். ஈரக் கையோடு போனேன். ஒருவர் விலங்கு நலத்துறை அதிகாரி, நடுவயது அம்மா. இன்னொருவர் கால்நடை டாக்டர். அந்த அம்மா பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து, மடித்து அடுக்கிய விரிப்புகளின் மேல் வைத்தார்.

மாப்பிள்ளை. நம் கரடிதான், கொட்டாவி விடுகிறான். வாய்க்கட்டைக் கழற்றியிருந்த நேரத்தில் ஆட்டம் பார்க்க வந்த யாரோ எடுத்திருக்கிறார்கள். முன்பக்கத்தில் ஒரு பல் இல்லை. ஈறு கறுத்து, ஒரு ஓரம் வீங்கி இருக்கிறது. நான் விட்டுவந்தபோது அந்த வீக்கம் இல்லை.

"இதை யாரு புடுங்கினது, எப்போ, மயக்க மருந்து குடுத்தாங்களா இல்லையா, எல்லாம் உங்களுக்குத் தெரியும்னு கேள்விப்பட்டோம்" என்றார் அந்த அம்மா. "பதினோரு வருஷம் அந்தக் கரடியோட ரிங்குல நின்னிருக்கீங்களே."

பத்து நாள் அவகாசம் கேட்டேன். கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் கல்யாணத்தில் என் வீட்டுக்காரரிடம் நீ, "எங்க குடும்பத்துல நீங்க ரெண்டாவது மாப்பிள்ளை. மூத்தவரு கோட்டும் தொப்பியும் போட்டுக்கிட்டு கூண்டுல இருக்காரு" என்று சொன்னாய். அவர் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

அண்ணா, அவனுக்குப் பத்தொன்பது வயது. நீயே கூப்பிட்டு ஒப்படைத்துவிடு. நீயாகக் கொடுத்தால் அது வேறு. நான் வாய் திறந்து அவர்கள் வந்து பிடுங்கினால் அது வேறு. பதில் போடு.

உன் தங்கை


பிப்ரவரி 14

தங்கச்சிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. கிழிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமல்லவா.

இங்கே நிலவரம் உனக்குத் தெரியாது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்வரிசைகூட நிறையவில்லை. குதிரைகள் போய்விட்டன. பார் விளையாடுகிற அக்காவுக்கு முழங்கால் மடங்கவில்லை, ஆனாலும் ஏறுகிறார். கோமாளி விழுந்தால் நிஜமாகவே வலிக்கிறது என்று முகத்திலேயே தெரிகிறது, அதற்கும் சனங்கள் சிரிக்கிறார்கள். இந்தக் கூடாரத்தில் இன்னும் யாராவது டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறார்கள் என்றால் சைக்கிள் ஓட்டுகிற கரடிக்காகத்தான். அவனைக் கொடுத்துவிடு என்கிறாய்.

கொடுத்துவிட்டு நான் யார்? நாற்பது நாள் குட்டியாக வந்தவன். பாட்டிலில் பால் கொடுத்து என் போர்வைக்குள் படுக்க வைத்து வளர்த்தேன். எனக்கும் கரடிக்காரன் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. கூடாரத்தில் பாதிப் பேருக்கு என் சொந்தப் பெயரே தெரியாது.

பல்லைப் பற்றிக் கேட்டார்களாமே. உன் இடது தோளில் பன்னிரண்டு தையல் இருக்கிறது. அது எப்படி வந்தது என்றும் சொல்வாயா? இன்னும் நாலு விரல் மேலே கடித்திருந்தால் கழுத்து. அதிகாரிக்கும் டாக்டருக்கும் சாட்சி சொல்ல நீ இருந்திருக்க மாட்டாய். அந்தப் பல் போனது என் தங்கச்சி உயிரோடு இருக்கவேண்டும் என்றுதான். நான் குறடு பிடித்தேன், ஒத்துக்கொள்கிறேன். கயிற்றின் இன்னொரு முனை யார் கையில் இருந்தது? கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் கயிற்றை மட்டும் விடாமல், யார் நின்றது? அதையும் சேர்த்துச் சொல்வதென்றால் சொல். உன் பங்கை மட்டும் வெள்ளை விரிப்பு போட்டு மூடிவிட்டு என் பங்கைக் காட்டாதே.

ஈறு வீக்கத்துக்கு உப்புத்தண்ணீர் ஊற்றுகிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணாவுக்கு,

சொல்லிவிட்டேன். நேற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. கயிறு பிடித்ததையும் சொன்னேன். அந்த அம்மா பேனாவை நிறுத்திவிட்டு, "இதையும் எழுதணுமா? உங்களுக்கே பிரச்சினை வரலாமே" என்றார். எழுதுங்கள் என்றேன்.

தையல் பன்னிரண்டு என்று சரியாக ஞாபகம் வைத்திருக்கிறாய். அதற்கு முன்னால் நடந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கவேண்டும். அன்றைக்கு மத்தியான ஆட்டத்தில் மூன்றாவது சுற்றில் அவன் சைக்கிளோடு விழுந்தான். சனங்கள் ஓவென்று கத்தினார்கள். நீ சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு அவனை வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாய். நான் திரைக்கு இந்தப் பக்கம் அவனுடைய கோட்டை வைத்துக்கொண்டு நின்றேன். கம்பி விழுகிற சத்தம் கேட்டது. எண்ணினேன். பதினான்கு. எண்ணத்தான் தெரிந்தது எனக்கு, உள்ளே வரத் தெரியவில்லை. சாயங்கால ஆட்டத்துக்குக் கோட்டு மாட்ட அவன் முதுகில் கை வைத்தேன். வைத்த இடம் அடிபட்ட இடம்.

தையல் போட்ட டாக்டர் கேட்டபோது, "காரணமே இல்லாம கடிச்சிடுச்சு" என்றேன். நீ பக்கத்தில் நின்று என் கையை அழுத்தினாய். குறடு, கயிறு எல்லாம் அதற்கப்புறம். அவன் பல்லைப் பிடுங்கியது நான் சொன்ன அந்த ஒரு பொய்தான். நேற்று அதை மாற்றி உண்மையைச் சொன்னேன்.

வீட்டுக்காரரிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். அப்புறம், "உங்க அண்ணன் என்னைப் பத்தி சொன்ன ஜோக்கை இனிமே நான் சொல்ல மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

வருகிற வியாழக்கிழமை காலையில் கூண்டு வண்டியோடு வருகிறார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ அவனை ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம். அப்படிப் போனால் யாரிடம் போய் முறையிடுவேன்? ஆனால் அந்த ஈறோடு அவன் இன்னொரு கோடையைத் தாண்ட மாட்டான் என்று டாக்டர் சொன்னார். அதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்.

உன் தங்கை


மார்ச் 2

தங்கச்சிக்கு,

கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உனக்குத் தகவல் வந்திருக்கும். இருந்தாலும் நடந்ததை என் வாயால் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நமக்குள் பேச்சு வேண்டாம்.

உன் கடிதத்தை முதலாளியிடம் காட்டினேன். ஆமாம், காட்டினேன். "புதன்கிழமை மத்தியானமே லாரியில ஏத்திடு. அண்ணன் தம்பி மாதிரி வேற சர்க்கஸ் கம்பெனிக்காரன் இருக்கான், அவன்கிட்ட ஆறு மாசம் இருக்கட்டும்" என்றார். லாரிக்குப் பலகை போட்டேன். பெரிய உயரம் ஒன்றுமில்லை, ஆயிரம் தடவை ஏறியிருக்கிறான். அன்று முன்னங்காலை வைத்தான், பின்னங்கால் வரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. அதட்டினேன். மறுபடி வைத்தான், சறுக்கினான். கம்பியை எடுத்தேன். எடுத்ததும் அவன் பலகைப் பக்கத்திலேயே மண்ணில் தலையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். உறுமவில்லை, பின்வாங்கவில்லை. அடியை வாங்கிக்கொண்டு வேலையை முடித்துவிடலாம் என்கிற மாதிரி.

நான் அடிக்கவில்லை. மனம் மாறிவிட்டேன் என்று எதையாவது கற்பனை பண்ணிக்கொள்ளாதே. எனக்குக் கை வலித்தது. அலுத்துவிட்டது. பலகையை எடுத்துப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலாளி வந்து கத்திவிட்டுப் போனார்.

மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், குரலை உயர்த்தாமல் பேசினார். வாயைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இது கடைசியா எப்போ புல்லுல நடந்துச்சு?" என்று கேட்டார். "என்னங்க இப்படிக் கேக்குறீங்க, தினமும்..." என்று ஆரம்பித்தேன். தினமும் கூண்டிலிருந்து பலகை, பலகையிலிருந்து ரிங், ரிங்கிலிருந்து பலகை, பலகையிலிருந்து கூண்டு.

அவர்களுடைய கூண்டு தரையோடு தரையாக இறங்குகிற மாதிரி இருந்தது. அவர்கள் கூப்பிட்டு அவன் ஏறவில்லை. நான் இரண்டு தடவை கை தட்டினேன். போய் உட்கார்ந்துகொண்டான். என்னைத் திரும்பிப் பார்த்தானா என்று கேட்காதே.

இனிமேல் எந்த விலங்கையும் வைத்துக்கொள்வதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். இப்போது கூடாரத்துக்கு முளை அடிக்கிறேன், கயிறு இழுக்கிறேன். கூடாரத்துப் பிள்ளைகள் என்னை இன்னும் கரடிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இன்று காலை ஆறு மணிக்கு ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டுத்தான் ஞாபகம் வந்தது.

நீ செய்தது சரியாகவே இருக்கட்டும். எனக்கு ஆறவில்லை. இனி எழுதாதே.

அண்ணன்


மார்ச் 17

அண்ணாவுக்கு,

எழுதாதே என்றாய். என்மேல் கோபம் இருக்கட்டும், இதைப் படி.

ஞாயிற்றுக்கிழமை அவனை வைத்திருக்கிற விலங்குக் காப்பகத்துக்குப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பெரிய வேலிக்குள்ளே புல்தரை, இரண்டு மரம், இறங்கிக் குளிக்கிற மாதிரி தொட்டி. எல்லாம் இருக்கிறது. அவன் மட்டும் அங்கே இல்லை. கதவுப் பக்கம் ஒரு சிமெண்டுத் தரை இருக்கிறது, அதன் மூலையில் இருக்கிறான். நாலு அடி முன்னால் வைக்கிறான், திரும்புகிறான், நாலு அடி. பழைய கூண்டின் அளவு. கண்ணுக்கு முன்னால் அவ்வளவு இடம் இருந்தும் ஐந்தாவது அடி அவனுக்கு வரவில்லை.

சாப்பிடவில்லை, அண்ணா. பதினெட்டு நாளாகத் தண்ணீரும் எப்போதாவது இரண்டு வாய்ப் பாலும்தான். அவனைப் பார்த்துக்கொள்வது ஒரு உயரமான பெண். எப்போதும் ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவர் பூட்ஸ் அக்கா. பல் போய் ஈறு புண்ணான வாய்க்குத் தோதாகப் பூசணியை வேகவைத்து, ரொட்டியோடு மசித்துக் கூழாக வைக்கிறார். முகர்ந்து பார்க்கிறானாம், கதவைப் பார்க்கிறானாம், போய்விடுகிறானாம். "ஈறைச் சுத்தம் பண்ணி மருந்து வச்சாச்சு. வாய்வலி இல்ல இது. யாரோ சொல்லணும்னு காத்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

வேலி ஓரம் நின்று பழைய மாதிரியே கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் கேட்டதும் நடையை நிறுத்தினான். சந்தோஷப்பட்டேன். ஆனால் அவன் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் கிளம்பும்வரை எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் அழுதேன், பக்கத்தில் இருந்தவர் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார்.

டாக்டர், "வளத்தவரு ஒரு தடவை வந்து நின்னா தேவலாம். வேற வழி எனக்குத் தோணல" என்கிறார். அதிகாரி அம்மாவிடம் அனுமதியும் வாங்கி வைத்திருக்கிறார். என்னைப் பார்க்க வேண்டியதில்லை, நான் அங்கே இருக்க மாட்டேன். போய் ஒரு தடவை நின்றுவிட்டு வா.

உன் தங்கை


மார்ச் 29

தங்கச்சிக்கு,

போனேன். செவ்வாய்க்கிழமை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சட்டைப்பையில் சர்க்கரைக் கட்டிகள் எடுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், பஸ்ஸில் போகும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு போனீர்கள், கடைசியில் கரடிக்காரன்தான் வேண்டியிருக்கிறது என்று. என்னைக் கண்டதும் ஓடி வருவான், கம்பியில் மூக்கை வைப்பான் என்று நினைத்தேன்.

டாக்டரும் பூட்ஸ் அக்காவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நான் வேலிக்கிட்டே போய் இருமினேன். வேண்டுமென்று இல்லை, தொண்டை கட்டியிருந்தது. அவன் திரும்பினான். பார்த்தான். எழுந்து இரண்டு காலில் நின்றான்.

யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நின்றான். முன்னங்கால் இரண்டையும் மார்போடு சேர்த்துக்கொண்டு, ரிங்கில் நிற்பானே அப்படி. மூன்று நாலு வாரமாகச் சாப்பிடாத உடம்பு. தோல் தொங்குகிறது. இடுப்பு நடுங்குவது வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே தெரிந்தது. அப்புறம் சுற்ற ஆரம்பித்தான். சைக்கிள் இல்லை, ஆனால் சுற்றுகிறான். ஒரு சுற்று முடித்துவிட்டு, எந்தப் பக்கம் சனங்கள் இருப்பார்களோ அந்தப் பக்கம் திரும்பி, தொப்பியைத் தொடுகிற மாதிரி கையைத் தலைக்குக் கொண்டுபோனான். தொப்பி எங்கே இருக்கிறது? மறுபடி நின்றான்.

"ஏன் இறங்க மாட்டேங்குது?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். "ஆச்சு" என்று நான் சொல்கிறவரை அவன் இறங்கக் கூடாது. சொல்வதற்கு முன்னால் இறங்கினால் என்ன கிடைக்கும் என்று குட்டியிலேயே படித்துவிட்டான். இத்தனை நாளும் அவன் அந்த மூலையில் இருந்து கதவைப் பார்த்தது என்னைத் தேடி இல்லை, தங்கச்சி. நான் எப்போது அதன் வழியாக வந்துவிடுவேனோ என்று பயந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அவன் நின்றுகொண்டே இருக்கிறான். பூட்ஸ் அக்கா, "ஏதாவது சொல்லுங்க, விழுந்துடும்" என்று கத்தினார். "ஆச்சு" என்றேன். அந்தக் குரல் எனக்கே கேட்கவில்லை, அவனுக்குக் கேட்டது. இறங்கினான். இறங்கி என் கையைப் பார்த்தான். பத்தொன்பது வருஷமாக அவன் என் முகத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கையைத்தான் பார்த்திருக்கிறான். சர்க்கரையை எடுக்கலாம் என்று பைக்குள் கையை விட்டேன். நான் கம்பி வைத்திருந்ததும் அதே பக்கம்தான். அவன் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான்.

கையைப் பையிலிருந்து எடுக்கவும் பயம், எடுக்காமல் இருக்கவும் பயம். அப்படியே பின்னால் பின்னால் நடந்து வெளியே வந்தேன். டாக்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க, நான்தான் வரச் சொன்னேன்" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று பஸ் போகிறவரை எழுந்திருக்கவில்லை.

இத்துடன் தனித்தாள் ஒன்று வைத்திருக்கிறேன். அதைப் பூட்ஸ் அக்காவிடம் கொடு. அவன் எதற்கெல்லாம் பயப்படுவான் என்பது வேறு யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் கற்றுக்கொடுத்தவன் நான். இரண்டு கைதட்டு. சீட்டி. சைக்கிள் மணி. அந்த அக்கா இடுப்பில் சாவிக்கொத்து வைத்திருக்கிறார், அந்தச் சத்தமும் ஆகாது. கம்பியை எடுப்பதற்கு முன் நான் சாவியைக் கழற்றி மாட்டுவேன். துடைப்பமோ குழாயோ, எதையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு அவன் எதிரில் போகக் கூடாது. புகையிலை வாசனை. தகரம் அதிர்கிற சத்தம். குட்டியில் அவனைச் சூடேற்றிய தகரத்தின் மேல் நிறுத்திப் பழக்கியதை அதில் எழுதவில்லை, உனக்குத் தெரியும். இரண்டு பக்கம் வந்தது. எழுதும்போது நடுவில் இரண்டு தடவை எழுந்து வெளியே போய்விட்டு வந்தேன். சாப்பாட்டை வைத்துவிட்டு "ஆச்சு" என்று சொல்லச் சொல், ஒருவேளை அதற்காகக் காத்திருக்கிறானோ என்னவோ. சொல்லிவிட்டு அவனைப் பார்க்காமல் போய்விட வேண்டும்.

நான் இனி அங்கே போக மாட்டேன். தாளில் கடைசி வரி அதுதான்: இந்த ஆளை உள்ளே விடாதீர்கள்.

அண்ணன்


ஏப்ரல் 12

அண்ணாவுக்கு,

தாளைக் கொடுத்தேன். பூட்ஸ் அக்கா நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தார். படித்துவிட்டு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, ஒவ்வொரு சாவியையும் பஞ்சுத்துணியில் சுற்றினார். தோட்டக்காரரைக் கூப்பிட்டு, துடைப்பத்தைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவர், "கரடிக்கு நான் மரியாதை குடுக்கணுமா?" என்றார். "ஆமா, குடுக்கணும்" என்றார் அக்கா.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது நாள் காலையில் பாத்திரம் நக்கி வைத்திருந்ததாம். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பிடுகிறான். போன வாரம் முன்னங்கால் இரண்டையும் புல்லில் வைத்து, பின்னங்காலைச் சிமெண்டிலேயே விட்டுவிட்டு மத்தியானம்வரை அப்படியே நின்றானாம். அதற்குமேல் தகவல் இல்லை. அவனுக்கு வயதாகிவிட்டது, மிச்ச நாள் எவ்வளவோ, டாக்டர் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை.

உன் தாளின் அடியில் நான் ஒரு வரி சேர்த்தேன். உன்னைக் கேட்கவில்லை. கூண்டை விட்டு வர மாட்டேன் என்று அவன் அடம்பிடிக்கிற நாளில் நீ என்னைத்தானே அனுப்புவாய்? "வாங்க மாப்பிள்ளை, வாங்க" என்று சர்க்கரையை நீட்டுவேன். என்னை நம்பி வெளியே வருவான். அவன் வாயில் சர்க்கரை கரைவதற்குள் நீ கயிற்றை மாட்டிவிடுவாய். உன் கம்பிக்காவது முன்னால் ஒரு சாவிச் சத்தம் இருந்தது. என்னிடம் அதுகூட இல்லை. அதனால்தான் என் குரலைக் கேட்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டான். நான் என்னவோ என்னை மறந்துவிட்டான் என்று அழுதேன். ஆகையால், மாப்பிள்ளை என்று யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது என்று எழுதினேன். வேறு பெயர் வைக்கலாமா என்று கேட்டார் பூட்ஸ் அக்கா. கொஞ்ச நாள் பெயர் இல்லாமலே இருக்கட்டும் என்றேன். நானும் இனிப் போவதில்லை. அந்த அக்காவே வாரம் ஒரு போன் பண்ணுவார்.

கூடாரத்தைச் சுருட்டப்போவதாகக் கோமாளி எழுதியிருந்தான். நீ ஒன்றும் எழுதவில்லை. இங்கே சலவைப் பிரிவில் ஈர மூட்டை தூக்க ஆள் தேடுகிறார்கள். முளை அடிக்கிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. மேற்பார்வையாளரிடம் உன் சொந்தப் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். மெஷின் சத்தத்தில் நாள் முழுக்க யாரும் யாரோடும் பேச முடியாது. இப்போதைக்கு நம் இரண்டு பேருக்கும் அதுதான் தோது. யோசித்து, திங்கட்கிழமைக்குள் ஒரு வரி எழுது.

உன் தங்கை